சிங்கப்பூர் போகாத சிங்கப்பூர் நேசன்

சுங்கை சோவில் அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே போய் "சிவநேசன் இருக்காரா?" என்று விசாரித்தால் வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாகூடக் கையை விரித்துவிடுவார். "சிங்கப்பூர் இருக்காரா?" என்று கேட்க வேண்டும். ஸ்டோர் பக்கமிருந்து நாற்பதைத் தாண்டிய ஓர் ஒல்லி மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு, வேகமாக நடந்து வருவார். அந்தப் பெயர் அவர் மேல் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டது.

சிங்கப்பூரை அவர் பார்த்ததில்லை. தெற்கே அவர் போன கடைசி எல்லை மூவார். அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. மழை பிடித்துக்கொண்டதால் வாசலில் போட்டிருந்த கெனப்பிப் பந்தலுக்கு அடியிலேயே நின்று சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். பாஸ்போர்ட் எடுத்தது கிடையாது. உறவுக்காரர் யாரும் அந்தப் பக்கம் இல்லை. இருந்தாலும் ஸ்டோரில் இளவட்டங்கள் ஓய்வு நேரத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, அங்க ரூம் வாடகை எப்படி லா?" என்று கேட்கிறார்கள். அவரும் ஏதோ சொல்லி வைக்கிறார்.

இந்த மனிதரைப் புரிந்துகொள்ள அவருடைய அண்ணனிலிருந்து தொடங்க வேண்டும்.

கோலசிலாங்கூருக்கு உட்புறத்தில், செம்பனைக்கு நடுவே இருந்த அந்தத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, பின்னால் வந்த கம்பெனி வைத்த பெயர் ஒன்று. நம்மவர்கள் இரண்டையும் மதிக்காமல் ரெட்டப்பாலம் என்றார்கள். தங்கராஜு அங்கே குலை ஏற்றும் லோரி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்குக் கோல்கீப்பர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு, தன்னைவிடப் பத்து வயது இளையவனான நேசனுக்குச் சோறு பொங்கிப் போட்டு, அவ்வப்போது அடித்து, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியது அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "கோல் போஸ்ட்டைத் தனியா விட்டுட்டு நான் எப்படிங்க வெளிய வர்றது?" என்று சிரிப்பார்.

தோட்டம் விற்கப்பட்டது. லயத்து ஜனம் பெஸ்தாரி ஜெயாவில் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. நேசனுக்கு ரவாங்கில் ஒரு கிடங்கில் ஸ்டோர் வேலை. கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நித்தியாவோடு கல்யாணம். அண்ணனும் அதே வீட்டில், முன்னறையில்.

பிறகு இனிப்பு நீர் வியாதி வந்தது. முதலில் தங்கராஜுவின் கால் விரல்களை எடுத்தது. அப்புறம் பார்வையில் பாதியை. கோவிட் ஓய்ந்துகொண்டிருந்த நேரத்தில் இரண்டு கிட்னியையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. வாரத்தில் மூன்று நாள் கோலசிலாங்கூருக்குக் கூட்டிப் போய் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். தனியாக நடக்கவும் முடியாது. நித்தியாவின் வேலை நிரந்தரம், நேசனுடையது ஒப்பந்தம். யார் வீட்டில் இருப்பது என்று முடிவு செய்ய ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிற நேரம்கூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் நேசன் பார்த்த வேலைக்கு ஸ்டோர் வேலை எவ்வளவோ தேவலை. அண்ணனுக்கு முகம் மழிப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, கழிவறைக்குத் தூக்கிப் போவது. எல்லாவற்றையும்விடக் கஷ்டம் தண்ணீர். கிட்னி இல்லாதவருக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஆகவே ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரால் அளந்து அளந்துதான் கொடுக்க வேண்டும். தங்கராஜுவுக்கோ உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆசை, பெரிய கிளாஸில் நுரை ததும்ப ஐஸ் மைலோ.

"டேய், ஒரே ஒரு கிளாஸ் குடிச்சிட்டு நிம்மதியா செத்துப் போறேன்டா."

"நீ செத்தா நான் வேலை தேடணும்ணே. பேசாம இரு."

காலையில் எழுந்ததும் நேசன் செய்கிற முதல் காரியம், அண்ணனின் இடது கையில் தன் உள்ளங்கையை வைப்பது. ரத்தம் சுத்திகரிப்பதற்காக ரத்தக் குழாய்களை இணைத்திருந்த இடத்தில், தோலுக்கு அடியில், தூரத்தில் லோரி ஓடுவது மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். அது இருந்தால் எல்லாம் சரி. "இஞ்சின் ஓடுதா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்பார் தங்கராஜு. "ஓடுது" என்பார் நேசன்.

வெளியே இதற்குப் பெயர் வேறு. முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஐயாவு, நேசனைக் கண்டாலே குரல் கொடுப்பார். "என்ன நேசா, ஹவுஸ்வைஃப் வேலை எப்படிப் போகுது?"

"முதலாளி கொஞ்சம் கறாருண்ணே."

கடை முழுக்கச் சிரிக்கும். நேசனும் சிரித்துக்கொண்டே ரொட்டி சானாய் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவார்.

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு காலையில் உள்ளங்கையை வைத்தார். இஞ்சின் ஓடவில்லை.

கருமாதி முடிந்ததும் வேலை தேடக் கிளம்பினார். அப்போதுதான் அவருக்கு ஒரு புதிய விஷயம் தெரியவந்தது. அண்ணனோடு அவர் இருந்த மூன்று வருஷமும், வேலை கொடுப்பவர்களின் கணக்கில், நடக்கவே இல்லை. அதற்குப் பெயர் கேப், வேலையில்லா இடைவெளி. பல்லில் விழுந்த ஓட்டையைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தார்கள். நேசன் ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னார். முதல் இடத்தில் ஓர் இளைஞன், "ஓ, அப்போ வீட்டுல ரெஸ்ட்" என்று எழுதிக்கொண்டான். அடுத்த இடத்தில் ஓர் அம்மையார், அண்ணன் இறந்த செய்தியைக் கேட்டு நெஞ்சில் கைவைத்து வருந்திவிட்டு, அதே மூச்சில், "அப்போ இனிமே அடிக்கடி லீவு கேட்க மாட்டீங்க, இல்லையா?" என்றார். மூன்றாவது இடத்தில் அந்தக் கேள்வியே வரவில்லை. பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் லோகேஸ்வரன் உள்ளே வருகிறான். நித்தியாவின் தம்பி. ஷா ஆலமில் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஆள் எடுக்கிற பிரிவில் உட்கார்ந்திருப்பவன். ஆகவே இந்த வித்தையின் உள்ளும் புறமும் அறிந்தவன் என்று குடும்பத்தில் நம்பிக்கை.

"மாமா, உண்மையைச் சொன்னா பரிதாபப்படுவான். பரிதாபப்பட்டா தேத்தண்ணி வாங்கிக் குடுப்பான், வேலை குடுக்க மாட்டான்."

"கோவிட்னு சொல்லிடலாமா, மச்சான்?"

"கோவிட்டுக்கு எக்ஸ்பைரி டேட் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு! வேற வேணும். சிங்கப்பூர்! துவாஸ்ல ஒரு சின்ன கம்பெனி. ஸ்டோர் வேலை. இப்ப இழுத்து மூடிட்டாங்க. அங்க வேலை செஞ்சா இங்க இ.பி.எஃப். சேமநிதி கட்டியிருக்க மாட்டாங்க, எவனும் தோண்ட முடியாது. அதான் மாமா இதுல பியூட்டி."

நித்தியா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பெரிய மாமா மேல இருந்து பார்த்துட்டு இருப்பாருடா."

"அவருக்குத்தான் பாதிக் கண்ணு தெரியாதேக்கா."

இரண்டு சனிக்கிழமை சமையல் மேசையில் ஒத்திகை நடந்தது. ஏன் போனீர்கள், ஏன் வந்தீர்கள், உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பதில் தயார். உலகத்தில் எந்த எச்.ஆர். கேட்கக்கூடிய கேள்வியையும் லோகேஸ்வரன் விட்டுவைக்கவில்லை.

ஒரே ஒரு கேள்வியைத்தான் விட்டுவிட்டான். அது எச்.ஆர். கேட்கிற கேள்வி இல்லை. நம்மவர்கள் கேட்கிறது.

சுங்கை சோ தொழிற்சாலையில் நேர்முகத்துக்கு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எச்.ஆரிலிருந்து மிஸ் டான். பக்கத்தில் தொழிற்சாலை மேலாளர் சேது, காதோரம் நரைத்தவர், பேசாதவர். மிஸ் டான் கேப்பைத் தொட்டார். நேசன் துவாஸைச் சொன்னார். மிஸ் டானின் முகம் மலர்ந்தது. "சிங்கப்பூர் சிஸ்டம், வெரி குட்" என்று ஒரு டிக் போட்டார். வேலை கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் சேது முதல் தடவையாக நிமிர்ந்து, தமிழில் கேட்டார்.

"எந்தத் தோட்டம் நீங்க?"

தோட்டங்கள் போய்விட்டன. பாதி இடத்தில் வீடமைப்பு, மீதி இடத்தில் நெடுஞ்சாலை. இருந்தும் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் இந்தக் கேள்வி வந்தே தீரும். இரண்டு நிமிஷத்தில் யாராவது ஒரு சித்தப்பாவோ சண்டையோ பொதுவில் வந்துவிடும்.

"ரெட்டப்பாலம் சார்."

சேது பேனாவைக் கீழே வைத்தார். "ரெட்டப்பாலமா! நான் பக்கத்துத் தோட்டம்லா. அங்க கோல்கீப்பர் தங்கராஜுன்னு ஒருத்தர்..."

"என் அண்ணன் சார்."

சேதுவின் முகத்தில் முப்பது வருஷம் கழன்று விழுந்தது. பேண்ட்டுக்கு மேலேயே முழங்காலைத் தடவிக் காட்டினார். ஒரு ஃபைனலில் பந்தைத் துரத்திப் போய்க் கோல்கீப்பர் மேல் மோதித் தன் கால் உடைந்ததாம். அப்போது சின்னப் பையன். ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு, எதிரணிப் பையனை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டி, தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் தங்கராஜு. சேதுவின் அப்பா வந்து சேரும்வரை கட்டில் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

"காலை எடுக்க வேண்டியதுன்னாங்க தம்பி. அவரு மட்டும் இல்லேன்னா... எப்படி இருக்காரு?"

"இறந்துட்டாரு சார். போன தீபாவளி சமயம். கிட்னி."

சேது முழங்காலிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாக, "அப்ப நீங்க சிங்கப்பூர்ல" என்றார். அது கேள்வி மாதிரிகூட இல்லை.

நேசன் வாயைத் திறந்தார். உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இந்த அறையில், இந்த ஒரே மனிதரிடம், அது டிக்கைவிடப் பெரியது என்று அவருக்கே தெரிந்தது. மிஸ் டான் தமிழ் புரியாமல், ஆனால் புன்னகை மாறாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் பொய் என்றால் இந்தப் புன்னகை என்னவாகும்? நேசன் வாயை மூடினார். மறுபடி திறந்தபோது வேறு ஆள் பேசினார்.

"ஆமா சார்."

"யாரு பார்த்துக்கிட்டா அவரை?"

"என் வொய்ஃப் சார்."

"நீங்க வருவீங்களா?"

"லீவு கிடைக்கிறப்ப."

சேது தலையாட்டினார். பேனாவை எடுத்துக்கொண்டார். "நல்லது. எனக்கு அப்படி ஓர் அண்ணன் இருந்திருந்தா..." என்று தொடங்கியவர், முடிக்கவில்லை.

வேலை கிடைத்தது. ஸ்டோர் சூப்பர்வைசர். மிஸ் டான் முதல் நாளே எல்லோரிடமும் "ஃப்ரம் சிங்கப்பூர்" என்று அறிமுகப்படுத்தியதில், மதியச் சாப்பாட்டுக்குள் சிவநேசன் என்ற பெயர் காணாமல் போனது. சேது நல்ல மேலாளர். ஓரவஞ்சனை இல்லை, கடுஞ்சொல் இல்லை. எல்லோரிடமும் பிள்ளை எப்படி, அம்மா எப்படி என்று விசாரிப்பார். நேசனிடம் ஸ்டாக் எப்படி என்று மட்டும் கேட்பார்.

அது நேசனை அரித்தது. ஐயாவு கடையில் கேலி செய்தபோது சிரிக்க முடிந்தவரால், இந்தத் தள்ளி நிற்கிற மரியாதையைத் தாங்க முடியவில்லை. பலமுறை மேலாளர் அறைக் கதவு வரை போனார். ஒவ்வொரு முறையும் உள்ளே மிஸ் டான் இருந்தார், அல்லது இருக்கக்கூடும் என்று தோன்றியது. பொய் சொன்னதற்காக வேலை போனால் மறுபடி ஒரு கேப் விழும். அதற்கு எந்த ஊரைச் சொல்வது?

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். அண்ணனின் முதல் தெவசத்துக்குச் சேதுவை வீட்டுக்குக் கூப்பிடுவது. அண்ணன் படத்துக்கு முன்னால், மிஸ் டான் இல்லாத இடத்தில், சொல்லிவிடுவது. நித்தியாவிடமும் சொல்லிவைத்தார். "நல்லதுங்க. நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

சேது வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு முழம் மல்லிகை. படத்துக்கு முன் விரித்த இலையில் ஆட்டுக்கறி, கருவாடு, வடை. எல்லாவற்றுக்கும் நடுவில், பெரிய கண்ணாடிக் கிளாஸில், நுரை ததும்ப ஐஸ் மைலோ.

சேது அதையே பார்த்தார். "மைலோவா?"

"ரொம்ப ஆசைப்படுவாரு சார்," என்றாள் நித்தியா. "குடுக்க முடியல. தண்ணியே அளந்துதான்."

இதுதான் நேரம். நேசன் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதற்குள் பக்கத்து வீட்டு அன்னம்மா, அப்பளத் தட்டோடு நடுவில் வந்து, "அளந்துன்னா சாதாரண அளவா? சின்னப் பிள்ளைக்கு மாதிரில்ல. முகம் மழிக்கிறதுகூட..." என்று ஆரம்பித்தாள்.

நேசனின் திட்டம் லோகேஸ்வரனுக்குத் தெரியாது. மாமாவின் வேலையைக் காப்பாற்றும் ஒரே எண்ணத்தில் பாய்ந்தான். "அன்னம்மாக்கா! பாயாசம் அடி பிடிக்குது!"

அன்னம்மா அலறியடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். பாயாசம் அடுப்பிலேயே இல்லை.

சேதுவுக்குப் போதுமான அளவு புரிந்துவிட்டது. அதாவது தப்பாக. அவர் நித்தியாவுக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் கூப்பினார்.

"தங்கச்சி, கூடப் பொறந்தவங்ககூட இப்படிப் பார்க்க மாட்டாங்க. அவரு எனக்குக் காலைக் குடுத்தவரு. நீங்க அவருக்குக் கடைசி வரைக்கும் கை குடுத்திருக்கீங்க. நன்றிம்மா."

நித்தியா புருஷனைப் பார்த்தாள். வீட்டில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். ஐயாவுகூட மெல்லுவதை நிறுத்திவிட்டார். உண்மை தெரிந்தவர்கள் அத்தனை பேர் நிறைந்த கூடத்தில், தெரியாத ஒருவர் கண் கலங்க நின்றார்.

நேசன், "சார் நிக்கிறாரே, நாற்காலி கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கூடத்தில் நாற்காலி நிறைய இருந்தது.

எல்லோரும் போன பிறகு நித்தியா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள். "அந்தக் கும்பிடு உங்களோடதுங்க. நான் வாங்கிட்டேன். எங்க வைக்கிறதுன்னுதான் தெரியல."

படைத்த மைலோவில் ஐஸ் கரைந்து கிடந்தது. அதை நேசன் அந்தச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு ஊற்றினார். ஊற்றிவிட்டுத்தான் யாருக்கு என்று யோசித்தார்.

அதன் பிறகு சேது மாறிவிட்டார். தொழிற்சாலையில் நித்தியாவைப் பற்றிப் பேச அவருக்குச் சலிப்பதே இல்லை. மிஸ் டானுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். லோரி டிரைவருக்கு மலாயில் சொன்னார். பெஸ்தாரி ஜெயாவில் ஓர் அம்மா இருக்கிறார், புருஷன் வெளியூரில், புருஷனுடைய அண்ணனைத் தன் கையால் பார்த்துக்கொண்டார், வேலைக்கும் போய்க்கொண்டு. கேட்டவர்கள் நேசனைத் திரும்பிப் பார்ப்பார்கள். நேசன் ஸ்டாக் எண்ணுவார்.

சென்ற மாதம் ஸ்டோருக்கு ஓர் உதவியாளர் எடுத்தார்கள். சூப்பர்வைசர் என்பதால் நேசனும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார வேண்டியதாயிற்று. வந்தவள் குமுதா, சுங்கை பெசார்க்காரி, முப்பது வயதிருக்கும். மிஸ் டான் கேப்பைத் தொட்டார். குமுதா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, "அது வந்து மேடம், கொஞ்ச நாள் நான் சிங்கப்..." என்று ஆரம்பித்தாள்.

அவளுக்கும் எங்கேயோ ஒரு லோகேஸ்வரன் இருந்திருக்க வேண்டும்.

சேது கையை உயர்த்தினார். "பயப்படாம உள்ளதைச் சொல்லும்மா. வீட்டுல யாரையாச்சும் பார்த்துக்கிட்டியா?"

குமுதாவின் கண் நிறைந்தது. அம்மாவாம். பக்கவாதம்.

"அதைச் சொல்றதுக்கு எதுக்குக் கூச்சம்? இதோ, இவரு சம்சாரம்..." சேது முழுக் கதையையும் சொன்னார். மைலோ உட்பட. இப்போது அதில் நித்தியா முகம் மழித்துவிட்டாள், கழிவறைக்குத் தூக்கிப் போனாள், காலையில் கையைத் தொட்டுப் பார்த்தாள். கடைசியாகச் சொன்னதை யார் அவருக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நேசனுக்குப் புரியவில்லை. ஐயாவு கடையாக இருக்கலாம். அங்கே கதைகள் ஆள் மாறிப் பரிமாறப்படுவது புதிதில்லை.

"அம்மாவைப் பார்த்துக்கிட்டவங்க ஸ்டோரைப் பார்த்துக்க மாட்டாங்களா? என்ன சிங்கப்பூர், நான் சொல்றது சரிதானே?"

"சரிதான் சார்."

குமுதாவுக்கு அங்கேயே வேலை உறுதியாயிற்று. அவளை ஸ்டோருக்குக் கூட்டிப் போய்க் காட்டுகிற பொறுப்பு நேசனுடையது. அட்டைகள் அடுக்கிய வரிசைகளுக்கு நடுவே அவள் அடுக்குகளை அண்ணாந்து பார்த்தபடி வந்தாள். பிறகு, குத்திக்காட்டுகிற எண்ணம் எதுவுமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அண்ணே, உங்க சொந்த அண்ணன்தானே? அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பக்கத்தில் ஓடிக்கொண்டே நின்றது. நேசன் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். இஞ்சின் ஓடியது.

"சிங்கப்பூர்ல," என்றார்.